மூன்று சாட்சிகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

என் மகள் கடல் கடந்து போய் வரலாறு படித்தாள். அதில் முதலில் மாட்டிக்கொண்ட ஆள் நான்.

அவள் தாம்பரத்தில் பதினோராம் வகுப்பு. மாணவர் பரிமாற்றம் என்று ஓர் ஏற்பாடு. ஒரு பள்ளி ஆண்டு முழுக்க ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர்ப் பள்ளியில் படிக்க இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் நான் தைரியமாகத்தான் இருந்தேன். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பத்து முறை வாங்கிப் பார்த்தேன். பத்தாவது முறை பத்திரமாக என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கையசைத்து வழியனுப்பிவிட்டேன். நுழைவாயிலில் காவலர் அவளை நிறுத்தியதும், "ஐயோ, பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டா!" என்று அலறியவனும் நானே. மனைவி என் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். இருபது வருட அனுபவம்.

நான் எப்படிப்பட்ட தைரியசாலி என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். மற்றது புரிய வசதியாக இருக்கும்.

நான் பள்ளியில் படித்த வரலாறு வேறு மாதிரி. எந்த மன்னரைப் பற்றிக் கேட்டாலும் குளம் வெட்டினார், வரியைக் குறைத்தார் என்று எழுதினால் ஐந்துக்கு மூன்று நிச்சயம். காரணங்கள் ஆறு, விளைவுகள் ஆறு. ஒரு தடவை விளைவுகளைக் காரணங்களின் கீழே எழுதிவிட்டேன். அதற்கும் மூன்று வந்தது. மன்னர் குளம் வெட்டியதை யார் பார்த்தார்கள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

அங்கே அதைத்தான் முதலில் கேட்கிறார்களாம். அவள் தங்கியிருந்தது ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அந்தப் பள்ளியில் வரலாற்றை மட்டும் ஆங்கிலத்தில் நடத்தினார்கள், அவளுடைய நல்ல நேரம். ஒரு நாள் ஆசிரியை மொத்த வகுப்பையும் ஆற்றோரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். சுவர்க் கல்லில் கோடு கோடாகச் செதுக்கி, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஓர் ஆண்டு. எந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தது. "இந்தக் கோட்டைச் செதுக்கியது யார்? வெள்ளம் வந்த அன்றா, வடிந்த பிறகா? அவர் கண்ணால் பார்த்தாரா, யாராவது சொன்னார்களா?" என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைகளைத் தூறலில் அரை மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார். எங்கள் வாத்தியார் இப்படிச் செய்திருந்தால் சளி பிடிக்கும் என்று எங்கள் வீட்டிலிருந்து சண்டைக்கே போயிருப்பார்கள்.

ஞாயிறு மதியம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவளுக்குக் காலை. வாரா வாரம் அப்போதுதான் வீடியோவில் வருவாள். சுவரின் படத்தைக் காட்டிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, எல்லாரும் அவங்கவங்க தெருவுல நடந்த ஒரே ஒரு நாளைப் பத்தி எழுதணும். மூணு சாட்சி வேணும். மூணு பேரையும் தனித்தனியா கேக்கணும். நான் நம்ம வெள்ளத்தை எடுத்துக்கிட்டேன்."

"சூப்பர்டா."

"தலைப்பு கூட வெச்சாச்சு. 'என்னைத் தூக்கி வந்த தோள்'. நீதான்பா ஹீரோ."

கையில் எடுத்த ரசம் சாதம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அந்தத் தோள் என்னுடையது அல்ல.

எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் மழையில் தண்ணீர் தெருவுக்குள் வந்து, படியேறி, வீட்டுக்குள்ளும் வந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு. நல்ல காய்ச்சல். போர்வையில் சுற்றி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, அவளைத் தோளில் உட்கார வைத்துத் தண்ணீரில் நடந்து, பெரிய சாலை முனையில் மீனவர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்த படகில் ஏற்றிவிட்டவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிறவர். தெருவே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும்.

அன்று சாயங்காலம் அஸ்தினாபுரத்தில் மனைவியின் அண்ணன் வீட்டில் நனைந்த துணியோடு போய் இறங்கினோம். கூடத்தில் பத்துப் பேர். "குழந்தைய எப்படி மாப்ளே கொண்டாந்தீங்க?" என்று கேட்டார் மச்சான்.

"தோள்ல தூக்கிட்டுத்தான்."

"நீங்களா?"

"பின்ன?"

அந்த 'நீங்களா'வில் இருந்த ஆச்சரியம்தான் என்னைக் கெடுத்தது. மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் மடியில் காய்ச்சலோடு கிடந்தவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் போர்வையும் இருட்டும் ஒரு தோளும் மட்டும்தான் ஞாபகம். அந்தத் தோளை அந்த நிமிடத்தில் என் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து வருடம். தூங்க வைக்க அந்தக் கதை, சாப்பிட வைக்க அந்தக் கதை, கணக்கில் மதிப்பெண் குறைந்து அழுதபோதும் அந்தக் கதைதான். மகளின் கண்ணில் எனக்கென்று இருந்த ஒரே பதக்கம் அது. அதைத்தான் ஜெர்மனியில் பரிசோதனைக்கு வைக்கப் போகிறாள்.

அடுத்த ஞாயிறு முதல் சாட்சி விசாரணை. நான்தான் முதல் சாட்சி.

"தண்ணி எவ்ளோ இருந்துச்சு?"

"கழுத்தளவு."

"யார் கழுத்து? உன் கழுத்தா, அம்மா கழுத்தா?"

"பொதுவா கழுத்துடா."

"அப்பா, நீ சொல்லச் சொல்ல தண்ணி ஏறுது. நான் மூணாவது படிக்கறப்போ இடுப்பு. எட்டாவதுல நெஞ்சு. இப்போ கழுத்து. நான் காலேஜ் போறதுக்குள்ள நீ மூழ்கிடுவே."

"அது... தோராயமா."

"சரி, மணி?"

"காலையில ஆறு."

"எப்படித் தெரியும்? கரண்ட் இல்ல, போன் செத்துப் போச்சுன்னு அம்மா சொல்லுமே."

"பால் வந்துச்சுல்ல."

"அந்த வெள்ளத்துல பால்காரர் வந்தாரா?"

சமையலறையிலிருந்து மனைவி இருமினாள். அது இருமல் இல்லை.

"நீ பயப்படாதேப்பா," என்றாள் மகள். "தப்பா சொல்றேன்னு அர்த்தம் இல்ல. எங்க மாறுதுன்னு குறிச்சுக்கணும், அவ்ளோதான்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க. இப்போ அம்மாகிட்ட கேக்கணும். நீ மொட்டை மாடிக்குப் போ. காதுல விழக்கூடாது."

மொட்டை மாடிக்கு. குற்றவாளியைச் சம்பவ இடத்துக்கே அனுப்பினாள், பாவம், தெரியாமல்.

அங்கே அதே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அன்றைக்கு நான் இருந்த இடம் அதுதான். தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்ததும் முக்கியமான பொருட்களைக் காப்பாற்ற ஒரு பையோடு மாடிக்கு ஓடினேன். பையில் என்ன இருந்தது என்று பிற்பாடு பிரித்துப் பார்த்தோம். ரேஷன் கார்டு, டிவி ரிமோட், குக்கரின் வெயிட். குக்கர் கீழே மிதந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து தெருவைப் பார்த்தேன். தெரு இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே தெருவுக்கெல்லாம் தைரியம் சொன்னேன்: "யாரும் பதறாதீங்க! யாரும் பதறாதீங்க!" மனைவி கீழேயிருந்து கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். வரவில்லை. அப்போதுதான் பாய் சுவர் ஏறிக் குதித்து வந்து, குழந்தையைக் கேட்டு வாங்கினார்.

அரை மணி கழித்து மனைவி மாடிக்கு வந்தாள்.

"என்ன சொன்னே?"

"சர்டிபிகேட் பையைத் தலைமேல புடிச்சுக்கிட்டு குனிஞ்சு நடந்தேன், முன்னாடி யாரு போனாங்கன்னு சரியா பாக்கலைன்னு சொன்னேன். நீங்க பண்ண பொய்க்கு என் பங்கு அவ்ளோதான். மூணாவது சாட்சி பாய். அவர நீங்களே பாத்துக்குங்க."

பாய் அதற்குள் படப்பைப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே வீடும் கட்டிக்கொண்டு போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒரகடத்தில் எனக்குத் தொழிற்சாலை வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் அவர் கடையைத் தாண்டித்தான் போகிறேன், தாண்டித்தான் வருகிறேன். பெயர்ப்பலகை தெரியும்போது போனை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. பாயிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப்போவதாக மகள் சொல்லியிருந்தாள். ஆகவே சனிக்கிழமை லீவு நாளில், சாட்சியைக் கலைக்கும் நோக்கத்தோடு, முதல் முறையாக அங்கே இறங்கினேன். கையில் அரை கிலோ இனிப்பு. லஞ்சம்தான், வேறென்ன.

"இன்னா சார், கம்பெனி பஸ்ஸு உங்கள வுட்டுட்டு பூடுச்சா?" என்று சிரித்தார். தாடி நரைத்திருந்தது.

"இல்ல பாய், சும்மாதான். பாப்பா உங்களுக்குப் போன் பண்ணும்..."

"பண்ணிடுச்சே! நேத்தே ஆய்டுச்சு. ஜும்மா முடிச்சு வந்து குந்தினேன், இஸ்கூல்ல மிஸ் வகுப்புலேர்ந்தே வீடியோவுல வந்துடுச்சு. முக்கா மணி நேரம் சார். போலீஸ்ல கூட அப்பிடிக் கேக்க மாட்டாங்க."

என் காலுக்குக் கீழே படப்பை லேசாக ஆடியது. "என்ன சொன்னீங்க?"

"இன்னா கேட்டுச்சோ அதுக்கு."

"தோள் விஷயம்..."

பாய் ஸ்பாஞ்சை அளந்து கத்தியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "உங்கப்பாதாம்மா தூக்கினு வந்தாரு, நான் பின்னாடியே வந்துகினு இருந்தேன், பாத்தேன்னு சொன்னேன்."

நான் கேட்க வந்ததை, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், நான் இப்படிச் சொல்லி வெச்சிருக்கேன்னு?"

"அது மூணாவது படிக்கச்சொல்ல எங்கூட்டுக்கு நோம்புக் கஞ்சி வாங்க வந்துச்சு சார். 'எங்கப்பா என்னைய தண்ணியில தூக்கினு வந்தாரு, உங்களுக்குத் தெரியுமா அங்கிள்'னுச்சு. மூஞ்சி பல்பு கணக்கா எரியுது. நான் இன்னா சொல்றது? 'தெரியும்மா, பாத்தேன்'னேன். அன்னிக்கு ஒண்ணு சொல்லிட்டு இன்னிக்கு வேற சொன்னா, அப்பால நான் பொய்யன் ஆய்டுவேன்ல?"

இரண்டு டீ சொன்னார். குடிக்கும்போது கேட்டேன், அவர் எங்கே நீச்சல் கற்றார் என்று.

"நீச்சலா? எனக்கு யாரு சார் கத்துக் குடுத்தாங்க? துணி காயப்போடற கொம்ப வெச்சு தரைய தட்டித் தட்டிப் பாத்துகினே போனேன்."

"பயமா இல்லையா பாய்?"

"நீங்கதான் மேலேர்ந்து பதறாதீங்க பதறாதீங்கன்னு கத்திகினு இருந்தீங்களே. சரி, சார் ஒருத்தரு எல்லாருக்கும் சேத்து பதறிகினு கீறாரு, நாம வேற எதுக்குன்னு எறங்கிட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மூன்று சாட்சியும் முடிந்தது, பதக்கம் பத்திரம். ஆனால் பஸ் முழுக்க எனக்கு அந்தக் கொம்பு தரையைத் தட்டும் சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. குழந்தையைச் சேர்த்துவிட்டு அவர் திரும்பி வந்தது ஞாபகம் வந்தது. எனக்காகத் திரும்பி வந்தார். "கண்ண மூடிக்குங்க சார், நான் இட்டுகினு போறேன்" என்று தொட்டியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டே அவர் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தேன். அதனால்தான் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை முழங்கால்தானோ என்னவோ.

மறுநாள் மகள் வீடியோவில் குதித்துக்கொண்டு வந்தாள். "மூணும் பொருந்துதுப்பா! நாளைக்கு வகுப்புல வாசிக்கறேன். மிஸ் மட்டும் ரொம்ப அழகா பொருந்துதே, எங்கயாவது இடிக்குதான்னு இன்னொரு தடவை பாருன்னாங்க. கேளேன், சாட்சிகள் யாரு யாருன்னு எழுதியிருக்கேன். ஒண்ணு, அப்பா, தூக்கியவர். ரெண்டு, அம்மா, உடன் நடந்தவர். மூணு, பக்கத்து வீட்டுக்காரர், பார்த்தவர்."

பார்த்தவர்.

என்னைக் காப்பாற்ற அந்த மனுஷன் தன்னைத்தானே அந்தத் தெருவிலிருந்து அழித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த ஆளாகப் போய் ஓரமாக நின்றிருக்கிறார். நாளைக்கு அது வெளிநாட்டில் ஒரு வகுப்பில் உரக்க வாசிக்கப்படும்.

"இடிக்குதுடா," என்றேன்.

"எங்க இடிக்குதுப்பா?"

"என்கிட்ட. தூக்கினது நான் இல்ல. பாய்."

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதாக்கும் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவளுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்போ நீ எங்க இருந்தே?"

"தொட்டிகிட்ட."

"கிட்டன்னா?"

"கட்டிப் புடிச்சுக்கிட்டு."

"எவ்ளோ நேரம்?"

"உன்னை விட்டுட்டு பாய் திரும்பி வர்ற வரைக்கும்."

"உனக்காகத் திரும்பி வந்தாரா? தண்ணிக்குள்ள?"

"ஆமா. அவருக்கு நீச்சலும் தெரியாது. நேத்துதான் எனக்கே தெரியும்."

பேனா ஓடுவது தெரிந்தது. பிறகு ஓடவில்லை. "அப்பா, அப்போ ரொம்பப் பயந்துட்டியா?"

பத்து வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் கேட்கவிடவில்லை. "ரொம்படா. உன்னை வெச்சுக்கிட்டு எறங்கறதுதான் பயம். என் காலை எனக்கே நம்ப முடியல."

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

மனைவி எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றினாள். "இப்பவாவது எறங்கினீங்களே," என்றாள்.

மூன்று நாள் மகளிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை. அந்த மூன்று நாள் நான் பட்ட பாட்டை விவரித்தால் தனிப் புத்தகம் ஆகும். உப்புமாவில் சர்க்கரை போட்டேன். தொழிற்சாலையில் சரியாக இருந்த இருபது உதிரி பாகங்களைத் தவறு என்று ஒதுக்கினேன். என் வேலையே தரம் பார்ப்பதுதான். நான்காம் நாள் ஒரு கோப்பு அனுப்பினாள், உடன் வேறு வார்த்தை எதுவும் இல்லை. தலைப்பை மாற்றியிருந்தாள்: 'இரண்டு முறை வந்தவர்'.

ஆங்கிலத்தில் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பாய். கொம்பு, போர்வை, படகு, மறுபடியும் அதே தண்ணீருக்குள் திரும்பி நடந்தது, நீச்சல் தெரியாதது, எல்லாம். மூன்றாம் பக்கத்தில் நான். டிவி ரிமோட்டைக்கூட விடவில்லை, அதுவும் அந்தக் கொம்பும் அம்மா கொடுத்த தகவல். கடைசியில் இப்படி இருந்தது: "என் அப்பா முதலில் ஒன்று சொன்னார். பிறகு, எல்லாச் சாட்சியமும் அவர் பக்கம் இருந்தபோது, தானாகவே மாற்றிச் சொன்னார். நான் இரண்டையும் அழிக்கவில்லை. முதல் கதையை நான் பத்து வருடம் நம்பித் தூங்கினேன். அதுவும் எங்கள் வீட்டில் நடந்ததுதான்."

பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பி என்ன படிக்க வைத்தீர்கள் என்று உறவினர்கள் கேட்கும்போது போர், ஒப்பந்தம், சுவர் இடிந்தது என்று ஏதோ சொல்லிவைப்பேன். அவள் அங்கே கற்றது, மிகவும் பிடித்தவர் சொன்னாலும் இன்னொருவரையும் கேட்டுப் பார்ப்பது. சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் சொன்ன ஆளைத் தூக்கி எறியாமல் இருப்பது. இரண்டாவது அந்தப் பாடத்திட்டத்தில் உண்டா, அவளாகச் சேர்த்துக்கொண்டாளா, தெரியாது. எதுவானாலும் அந்த ஆசிரியைக்கும் அந்த ஈரச் சுவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

முந்தின நாள் பாயின் பெயரோடு வகுப்பில் வாசித்துவிட்டதாக மகள் சொன்னாள்; அந்த வார சனிக்கிழமை நானும் மனைவியும் படப்பைக்குப் போனோம். நான்கு பக்கமும் அச்செடுத்து எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், கடையில் நுழைந்ததும் "பாய், உங்களுக்கு எங்க மனமார்ந்த நன்றி" என்றேன்.

"இன்னா சார், சங்கத்துக்கு ஓட்டு கேக்க வந்தாப்ல பேசறீங்க? குந்துங்க."

உட்கார்ந்தேன். தாளைப் பிரித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். முதல் பத்தியிலேயே அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டார். "இத அந்த ஊரு பசங்க முன்னாடி படிச்சுச்சா?"

"படிச்சா பாய்."

"என் பேரையும் சொல்லிச்சா?"

"சொன்னா."

அவர் மெஷினை விட்டு எழுந்து வந்து என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அடுப்ப அணைச்சுட்டு வா, உன்னைய ஒண்ணு கேக்க வெக்கணும். சார், மொதல்லேர்ந்து படிங்க."

அவர் மனைவி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தேன், உரக்க. நீச்சல் தெரியாத இடம் வந்ததும் அந்த அம்மா என்னை நிறுத்தினார். "இருங்க சார். இவருக்கு நீச்சல் தெரியாதா? குளத்துல நீந்தி வளந்தவன், பயப்படாதேன்னு சொல்லிட்டுல்ல அன்னிக்கு எறங்கினாரு?"

பாய் ஸ்பாஞ்சை எடுத்தார், வைத்தார், கத்தியைத் தேடினார். "சார், அந்த வரிய இன்னாத்துக்குப் படிச்சீங்க?"

"எழுதியிருக்கே பாய்."

"ரெண்டு தடவை எறங்கினீங்களா? நீச்சல் தெரியாமலா?" அந்த அம்மாவின் குரல் ஏறி, நடுவில் உடைந்தது. என் மனைவி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எங்களை ஏறிட்டுப் பார்த்தார்கள், ஒரே பெஞ்சில் அருகருகே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த இரண்டு பொய்யர்களை.

"மீதியையும் படிங்க," என்றார் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு முழுசா தெரியணும்."

படித்தேன்.